எட்டு மாதமாக வந்துகொண்டே இருந்தவர்

‘பல்லைக் காட்டாதே’ என்று சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டாத ஆளில்லை. அந்தத் திங்கட்கிழமை மதியம் நான் நுழைந்த அறையிலோ, என்னைத் தவிர எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஜிப்சம் மாவில் வார்த்த தாடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டரின் சீட்டு ஒட்டியிருந்தது.

“மேடம், இவ்வளவு பேர் சிரிக்கிற இடத்துல குற்றம் நடந்திருக்கும்னு தோணலையே” என்றேன்.

“வாயை மூடு வாலு. திறந்து வெச்சா அளவெடுத்துடுவாங்க” என்றார் மேடம்.

மேடத்தைப் பற்றி இரண்டு வரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சைக் கேட்டவர். ஓய்வு பெற்ற மறு மாதமே துப்பறியும் நிலையம் தொடங்கிவிட்டார். நான் அவருடைய உதவியாளன். இன்சூரன்ஸ் விற்கப் போய், என் பாலிசியையே என்னால் கட்ட முடியாமல் திரும்பி வந்தவன். கம்ப்யூட்டர் கேஸ் என்றால் எங்கள் நிலையத்தில் நான்தான் நிபுணர். மேடத்துக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும் என்பது அதற்கு ஒரே காரணம்.

எங்களை அழைத்தவர் அந்தப் பல் பட்டறையின் முதலாளி. உட்காரச் சொல்லுமுன்பே ஆரம்பித்துவிட்டார்.

“இருபத்தாறு டாக்டருங்க எங்ககிட்டதான் செயற்கைப் பல் செஞ்சு வாங்கறாங்க. எந்த டாக்டருக்கு எந்த வெள்ளை பிடிக்கும், எந்த நோயாளி தூக்கத்துல பல்லைக் கடிப்பாரு, எல்லாம் பல்லவனுக்கு அத்துப்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு நாப்பதுக்கு யாரோ அவன் மூளையைத் துடைச்சு எடுத்துட்டாங்க. யாரோ என்ன யாரோ! அதோ உட்கார்ந்திருக்காங்களே, அந்தம்மாதான். இவங்களை ஏவி விட்டது எந்தப் பட்டறைக்காரன்னு நீங்க கண்டுபிடிச்சா போதும்.”

“பல்லவன்னா எந்த ராஜா சார்?” என்றேன்.

“ராஜாவும் இல்ல மந்திரியும் இல்ல. பல் வேலைக்கு வெச்ச ஏ.ஐ. உதவியாளன், அதனால பல்லவன். பெரிய கம்பெனிக்காரன் ஏ.ஐ.கிட்ட நம்ம ரகசியத்தைக் கொட்ட நான் என்ன இளிச்சவாயனா? நம்ம ஏ.ஐ., நம்ம சர்வர், வெளியாளுக்கு வேலையே இல்ல. எல்லாம் என் மச்சான் ஏற்பாடு.”

முதலாளியின் மனைவிக்குத் தம்பி மூலையில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். அத்தனை பல்லுக்கு நடுவில் வேலை செய்தது அவனுடைய பல் மட்டும்தான்.

“சொந்த சர்வரா தம்பி?” என்றார் மேடம்.

“வாடகை சர்வருங்க. லினக்ஸ். வேற ஏதோ ஊர்ல ஒரு கட்டடத்துல இருக்கு. அதுல கன்டெய்னர் போட்டு ஓட்டறோம்.”

“லாரியில போகுமே, அந்தக் கன்டெய்னரா?” என்றேன் நிபுணராகிய நான்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் என் சம்பளம் பாதியாகக் குறைந்தது. “சர்வருக்குள்ள தனித்தனி டப்பான்னு வெச்சுக்கோங்க சார். ஒரு டப்பாவுல பல்லவன். இன்னொரு டப்பாவுல வருகைப் பதிவேடு. ஒண்ணுக்கு உடம்பு சரியில்லாம போனா மத்ததுக்கு ஒட்டாது.”

“கூட்டுக் குடும்பத்துல தனித்தனி அடுப்பு” என்று மேடம் எனக்காகச் சுருக்கினார்.

குற்றம் சாட்டப்பட்டவர் ஜன்னலோர ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மெழுகில் பல் செதுக்குவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதையே செய்வதால் பட்டறையில் எல்லோருக்கும் மெழுகக்கா. முதலாளி அவருடைய கத்தியையும் மெழுகு விளக்கையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டிருந்தார்.

“நீங்க ஏன்மா இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க?” என்று மேடம் அவரைக் கேட்டார்.

“எங்க போறதுங்க?” மெழுகக்கா தன் போனை நீட்டினார். “காலையில ஒம்போது மணிக்கு இருபத்தாறு டாக்டருக்கும் அனுப்பிட்டாரு. இனிமே எந்தப் பட்டறை வாசல்ல போய் நிக்கறது?”

வாங்கிப் படித்தேன். டாக்டர்கள் குழுவில் அவருடைய புகைப்படம். கீழே முதலாளியின் கைவண்ணம்: ‘எங்கள் பதிவுகளை வேண்டுமென்றே அழித்த இவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டாக்டர்கள் உஷார்!’ அதற்குக் கீழே பதினோரு டாக்டர்கள் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள். நோயாளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தூக்கியிருப்பார்கள் போலும்.

“கத்தியைப் பூட்டினா நாளைக்கு வேற கத்தி வாங்கிக்கலாம். பேரு போனா எங்க வாங்கறது?” என்றார் மெழுகக்கா. குரல் உடையவில்லை. அவருக்கு வந்திருந்தது அழுகையில்லை, கோபம்.

மேடம் முதலாளியிடம் திரும்பினார். “ஆதாரம்?”

“ஆதாரமா? அசையாத ஆதாரம்!” முதலாளி தன் லேப்டாப்பைத் திறந்தார். பட்டறைக்கும் வீட்டுக்கும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே அலையும் லேப்டாப் அது. “இது வருகைப் பதிவேடு. எங்க எல்லார் கையிலயும் மாவும் மெழுகும் அப்பியிருக்கும், பட்டனை யாரு அமுக்கறது? அதனால வாசல்ல ஒரு மைக். வரும்போதும் போகும்போதும் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை பல்லவன்கிட்ட சொன்னா அவன் எழுதிடுவான். வெள்ளிக்கிழமையைப் பாருங்க. பாலிஷ்காரர், போனது அஞ்சே முக்கால். நான் அஞ்சுக்கே வீட்டுக்குப் போயாச்சு. இந்தம்மா? ஆறு பன்னெண்டுக்கு உள்ள வந்திருக்காங்க! யாருமில்லாத பட்டறைக்குள்ள ஆறு பன்னெண்டுக்கு என்ன வேலை?”

“நான் ஆறு பன்னெண்டுக்கு வீட்டுக்குக் கெளம்பினேன்” என்றார் மெழுகக்கா.

“பாத்தீங்களா? காலையிலேர்ந்து இதே பாட்டு. மனுஷன் பொய் சொல்லுவான், மிஷின் பொய் சொல்லுமா?”

நியாயமான கேள்வி. எனக்கே அந்த அம்மா மேல் லேசாகச் சந்தேகம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். மேடம் மட்டும் கண்ணாடியை மூக்கில் இறக்கி, “வாலு, வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளைப் பாரு” என்றார்.

பார்த்தேன். மெழுகக்கா: வருகை 9.02. வருகை 6.15.

“அதுக்கும் முந்தின நாள்?”

வருகை 8.58. வருகை 6.10. நான் பக்கம் பக்கமாக மேலே தள்ளினேன். போன மாதம், அதற்கு முந்தைய மாதம், பல்லவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வரைக்கும் போய்விட்டேன்.

“மேடம்” என்றேன், “இந்தம்மா எட்டு மாசமா தினம் ரெண்டு தடவை வந்துகிட்டே இருக்காங்க. ஒரு நாள்கூட வீட்டுக்குப் போகவே இல்ல!”

எதிர் மூலையில் பல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த பாலிஷ்காரரின் சக்கரம் நின்றது.

“எட்டு மாசமா இதை நீங்க கவனிக்கலையா?” என்றார் மேடம் முதலாளியிடம்.

முதலாளி அலமாரித் தாடைகளைப் பார்த்தார். அவரை ஆதரிப்பவர் அங்கும் யாருமில்லை. பாலிஷ்காரர்தான் முகமூடியை இறக்கிவிட்டுப் பதில் சொன்னார்: “ஐயா வர்ற நேரத்தை மட்டும்தாங்க பாப்பாரு. யாரு லேட்டுன்னு தெரியணுமில்ல? போற நேரத்தைப் பாத்தா ஓவர்டைம் குடுக்க வேண்டி வருமே.”

“உன்னை யாருய்யா கேட்டது?” என்றார் முதலாளி.

“நான் கேட்டதா நினைச்சுக்கோங்க” என்ற மேடம் பாலிஷ்காரரிடம், “சாயங்காலம் போகும்போது பல்லவன்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க?” என்றார்.

“‘பாலிஷ்காரன் கெளம்பறேன்’னு சொல்லுவேன்.”

“நீங்கம்மா?”

மெழுகக்கா யோசித்தார். “எல்லாரும் சொல்றதைத்தான் சொல்லுவேன்.”

“சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க. மணி ஆறு பன்னெண்டு. பையை எடுத்தாச்சு. வாசலுக்குப் போங்க.”

மெழுகக்கா பையைத் தோளில் மாட்டினார். வாசலில் இருந்த மைக்கருகே போய், கதவைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லும் குரலில் சொன்னார்:

“பல்லவா, மெழுகக்கா. நான் வர்றேன்பா.”

“வாங்க!” என்றான் பல்லவன், இனிக்க இனிக்க.

லேப்டாப்பில் புது வரி ஒன்று முளைத்தது. மெழுகக்கா: வருகை 3.14.

மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. “முப்பத்தோரு வருஷம் லைன் போட்டவ நான். ‘சரி, அப்ப நான் வர்றேன்’னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் போனை வைப்பாங்க. ஒருத்தரும் அதுக்கப்புறம் வந்ததில்ல. போறவங்க வர்றேன்னு சொல்ற பாஷை நம்மளுது. ‘போறேன்’னு சொன்னா வீட்டுல வாயிலயே போடுவாங்க. அந்த லினக்ஸ் டப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? வர்றேன்னு சொன்னாங்க, வருகைன்னு எழுதிடுச்சு.”

“அவன் ‘வாங்க’ன்னு சொல்லும்போதெல்லாம், போயிட்டு வாங்கன்னு சொல்றான்னு நினைச்சேன்” என்றார் மெழுகக்கா. “முதலாளியைவிட மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னு வீட்டுல பெருமையாச் சொல்லியிருக்கேன்.”

முதலாளி சுதாரித்துக்கொண்டார். அந்த ஆளின் தொழில் திறமையே அதுதான். “சரி, எழுதினது தப்பாவே இருக்கட்டும். அப்ப அழிச்சது யாரு? பேயா, பிசாசா? ஆறு நாப்பதுக்குப் பல்லவன் மூளை காலியாச்சா இல்லையா? இவங்க போயிட்டுத் திரும்ப வரலைன்னு என்ன நிச்சயம்?”

“அதை உங்க மச்சான்கிட்ட கேப்போம்” என்றார் மேடம். “தம்பி, வந்ததுலேர்ந்து நானும் பாக்கறேன். இங்க இருக்கற அத்தனை பேரும் அந்தம்மாவையே பாக்கறாங்க. நீங்க மட்டும் உங்க மாமாவோட லேப்டாப்பையே பாக்கறீங்க. அதுல என்ன இருக்கு?”

மச்சானுக்குக் கடிக்க நகம் தீர்ந்துவிட்டது. “ஒண்ணுமில்லையே” என்றான். ஒன்றுமில்லை என்று அப்படிச் சொன்னால் ஒன்பதாவது இருக்கும்.

“வாலு!” என்றார் மேடம்.

இந்த இடத்தில் என் லினக்ஸ் அறிவு முழுவதையும் உங்கள் முன் வைத்துவிடுகிறேன். கறுப்புத் திரையைத் திறந்து மேல் அம்புக்குறியை அமுக்கினால், அந்த ஆள் முன்பு அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அவ்வளவுதான் என் படிப்பு. முதலாளியின் லேப்டாப் திறந்தே இருந்தது, கறுப்புத் திரையைத் தட்டியதும் கடவுச்சொல்கூடக் கேட்காமல் அவர் பெயரிலேயே சர்வருக்குள் விட்டது. அமுக்கினேன்.

ஒரு தடவை அமுக்கியதும் வந்தது, டப்பாக்களை ஏற்றும் கட்டளை. அதற்கு முன்னால் டப்பாக்களை இறக்கும் கட்டளை. அதற்கும் முன்னால் வந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னடா?” என்றார் மேடம்.

“இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சிருக்கு மேடம். கீழேர்ந்து மேல படிக்கிறேன். ‘எழுந்திருடா’. அதுக்கு முன்னாடி ‘டேய் பல்லவா’. அதுக்கும் முன்னாடி வெறும் ‘டேய்’.”

பாலிஷ்காரர் மறுபடியும் முகமூடியைப் போட்டுக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அந்தப் பட்டறையில் வாய் திறந்தால் ‘டேய்’ என்று ஆரம்பிப்பவர் ஒருவர்தான்.

பரீட்சித்துப் பார்க்கலாமென்று ‘டேய்’ என்பதை அடித்து என்டரைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளை கிடையாது என்று லினக்ஸ் பதில் சொன்னது. அடுத்த கட்டளைக்கு விரல் போவதற்குள் மேடம் என் கையில் ஓர் அடி போட்டார். “இருக்கறதையும் கொன்னுடாதே!”

“நிறுத்துங்க நிறுத்துங்க!” என்று முதலாளி எழுந்துவிட்டார். “ஆமா, வெள்ளிக்கிழமை வீட்டுலேர்ந்து அடிச்சேன். ஏதோ கேட்டேன், பதிலே சொல்லாம முழிச்சுக்கிட்டிருந்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அவ்வளவுதானே? ஃபேனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஃபேன் செத்துடுமா? மச்சான் எழுதிக் குடுத்ததைத்தான் அடிச்சேன்!”

லேப்டாப் மூடியின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மச்சானின் கையெழுத்து. ‘பல்லவன் மக்கர் பண்ணினால்: 1. இறக்கு. 2. ஏற்று.’ கூடவே இரண்டு கட்டளைகள்.

எல்லோரும் மச்சானைப் பார்த்தோம்.

“இறக்கினா டப்பாவைத் தூக்கிப் போட்டுடும்” என்றான் அவன் தரையைப் பார்த்து. “ஏத்தினா புது டப்பா வரும். அது தப்பில்லைங்க, எப்பவும் அப்படித்தான். ஞாபகத்தையெல்லாம் டப்பாவுக்கு வெளியே, சர்வர் டிஸ்க்குல தனியா வெச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. வருகைப் பதிவேட்டை அப்படி வெளியே வெச்சேன், மாமா தினம் கேப்பாரேன்னு. பல்லவனோட ஞாபகத்தை... உள்ளயே விட்டுட்டேன்.”

“யாரு எத்தனை நிமிஷம் லேட்டுங்கறது பத்திரம்” என்றார் மேடம். “எட்டு மாச வேலை குப்பையில. நல்ல நிர்வாகம்.”

“இது எப்ப உனக்குத் தெரியும்?” மெழுகக்கா மச்சானைக் கேட்டார்.

“சனிக்கிழமையே அக்கா.”

“ரெண்டு நாளா தெரியுமா! தெரிஞ்சும் என் போட்டோவைப் போடறப்ப வாயை மூடிக்கிட்டு நின்னியா?”

“மாமாவை எதுத்துப் பேசினா எங்க அக்கா வீட்டுல சண்டை வரும்னு...” அதற்கு மேல் அவனுக்கு வாய் வரவில்லை. நல்லவேளை, வந்திருந்தால் நானே ஒரு தாடையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மெழுகக்கா ஸ்டூலைத் தள்ளிவிட்டு முதலாளி முன்னால் வந்து நின்றார். “அந்தப் பல்லவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது? நான். எட்டு மாசம், செதுக்கிக்கிட்டே, ஒவ்வொரு பல்லா சொல்லிக் குடுத்தேன். அதை நானே அழிப்பேனான்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? பத்தொன்பது வருஷம் பாத்தீங்களே என்னை!”

முதலாளி மேடத்தைப் பார்த்தார். “உங்களுக்கு ஃபீஸ் குடுக்கறது நானு.”

“அதனாலதான் போலீஸ்கிட்ட போகாம உங்ககிட்டயே சொல்றேன்” என்றார் மேடம். “குழுவுல பேசிப் பதிவு பண்ணிப் போடுங்க. இப்பவே. எழுத்துல வேண்டாம், உங்க குரல்ல.”

முதலாளி போனை எடுத்துத் தொண்டையைச் செருமினார். “டாக்டர்களுக்கு வணக்கம். எங்க பட்டறையில ஒரு சின்ன தவறு நடந்துடுச்சு...”

“நிறுத்துங்க” என்றார் மெழுகக்கா. “நடந்துடுச்சா? கால் முளைச்சு அதுவா நடந்துச்சா?”

முதலாளி அதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். “வணக்கம். காலையில போட்ட செய்தி தவறுதலா போடப்பட்டது. அதுக்காக நாங்க வருந்தறோம்...”

“யாரு போட்டது? அப்புறம், நாங்கன்னா யாரெல்லாம்? பாலிஷ்காரரை ஏன் கூட்டு சேக்கறீங்க?”

“அதானே” என்றார் பாலிஷ்காரர்.

மூன்றாவது தடவை. முதலாளியின் நெற்றியில் வியர்வை. ‘நான்’ என்றார், நின்றார். மறுபடி ‘நான்’ என்றார். ஒரு சின்ன வார்த்தை ஒரு மனுஷன் தொண்டையில் அப்படிச் சிக்கி நான் பார்த்ததில்லை. மெழுகக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எங்கும் போகிற அவசரம் அவருக்கு இல்லை.

“நான் தப்பு பண்ணிட்டேன். பதிவை அழிச்சது நான்தான். தெரியாமத்தான் அழிச்சேன், ஆனா விசாரிக்காம அவங்க மேல பழியைப் போட்டேன். அவங்க ஒரு தப்பும் பண்ணல.”

மெழுகக்கா போனை வாங்கிக் காதருகே வைத்து இரண்டு தடவை கேட்டார். “அனுப்புங்க.”

அரை நிமிடத்தில் முதல் பதில் வந்தது. காலையில் முதல் கட்டை விரலைத் தூக்கிய அதே டாக்டர். ‘எனக்கு அப்பவே தெரியும், அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல’ என்று எழுதியிருந்தார். மெழுகக்கா அதைப் படித்துவிட்டு மேலே தள்ளிவிட்டார். நான்தான் ஒரு நல்ல வார்த்தை சொன்னேன், அதை அச்சில் போட முடியாது.

“அப்ப... வேலையை ஆரம்பிக்கலாமா?” என்று இழுத்தார் முதலாளி, அலமாரிச் சாவியை நீட்டியபடி.

மெழுகக்கா சாவியை வாங்கவில்லை. முதலில் வீட்டுக்குப் போன் போட்டார். விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது, அவருக்கு அது தெரியவில்லை.

“என்னங்க... நான் பண்ணலைன்னு அவரே சொல்லிட்டாரு. எல்லா டாக்டருக்கும் சொல்லிட்டாரு.”

அந்தப் பக்கம் அவர் கணவரின் குரல் நிதானமாக வந்தது. “நீ பண்ணேன்னு இங்க யாரு சொன்னா?”

காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட விடாத அந்த அம்மா, போனைக் காதில் வைத்தபடி அப்போதுதான் அழுதார்.